ஏறி இறங்கும் நீரும் ஈரநிலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈரநிலங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலரும் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆண்டில் பாதி நாள் வறண்டு வெடித்துக் கிடக்கும் பள்ளத்தையும் ஈரநிலம் என்கிறார்கள், ஆழமில்லாத கடலோரத்தையும் ஈரநிலம் என்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

ஈரான் நாட்டில், காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ராம்சார் என்னும் ஊரில், 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் வரையறையைத் தந்தது. இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, ஆண்டு முழுவதும் நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நிற்பதோ, தேங்கியதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ உப்புநீரோ, எதுவானாலும் அந்த வரையறைக்குள் அடங்கும். கடலாக இருந்தால் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வடிந்த வேளையில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கக் கூடாது. சதுப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு, ஆற்றங்கரையின் வெள்ளச் சமவெளி, ஏரி, குளம், நெல்வயல், கடற்புல் படுகை ஆகிய அனைத்தும் இதனால் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன.

மாணவர்களுக்கு விளக்கும்போது இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள் என்பேன். கடலோரச் சேற்றுவெளியில் அது நாளுக்கு இருமுறை நிகழ்கிறது; மழைநீர்ப் பள்ளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்கிறது. நிலமாகவும் நீராகவும் மாறி மாறி இருக்கும் இந்த இயல்புதான் அங்குள்ள மண்ணையும் செடியையும் உயிர்களையும் தீர்மானிக்கிறது.

வறண்டு போவது அந்த நிலத்தின் குறை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், ஆண்டுதோறும் வற்றிவிடும் பள்ளத்தில் மீன் நிலைத்து வாழ முடியாது. தலைப்பிரட்டைகளைத் தின்ன மீன் இல்லாத அந்த நீர்தான் பல தவளை இனங்களுக்குப் பாதுகாப்பான பிறப்பிடம். அங்கே வாழும் சிறு இறால் போன்ற உயிர்கள் சில, காய்ந்த சேற்றுக்குள் முட்டைகளை விட்டுவிட்டு மடிந்துபோகின்றன. அம்முட்டைகள் பல ஆண்டுகள்கூட உறங்குநிலையில் கிடந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கின்றன. அப்படிப்பட்ட பள்ளத்தை, நீர் வற்றாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆழமாக வெட்டி மீன்குஞ்சுகளை விட்டால், அது ஈரநிலமாகத் தோன்றுமே தவிர, அதற்கே உரிய உயிர்களில் பெரும்பாலானவற்றை இழந்திருக்கும்.

கேள்வி: ஈரநிலம் வெள்ளத்தைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும், நிலத்தடி நீரையும் உயர்த்தும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? (கட்டடப் பொறியாளர்)

பஞ்சு என்ற உவமை பாதி உண்மை. ஈரநிலம் வெள்ளத்தைத் தாங்குவதற்கு முதன்மையான காரணம், அது பரந்து கிடப்பதும் அதில் இடம் காலியாக இருப்பதுமே. நூறு ஹெக்டேர் பரப்புள்ள ஒரு தாழ்நிலத்தில் நீர்மட்டம் வெறும் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால், அங்கே 30 கோடி லிட்டர் நீர் தங்கிவிட்டது என்று பொருள். அந்த நீர் கோரையையும் நாணலையும் கடந்து மெல்ல வெளியேறுவதால், கீழ்ப்பகுதியில் ஆற்றின் உச்ச மட்டம் குறைகிறது; வெள்ளம் வந்து சேரும் நேரமும் தள்ளிப்போகிறது. மழையின் மொத்த அளவு மாறுவதில்லை. ஒரே இரவில் வர வேண்டியது சில நாட்களில் பரவி வருகிறது, அவ்வளவே. ஊரைக் காப்பாற்ற அதுவே போதுமானதாக இருக்கும்.

இதைக் கணக்கிட்டு நம்பிச் செயல்பட்ட பொறியாளர்களும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகர் வழியாக ஓடும் சார்ல்ஸ் ஆற்றில் வெள்ளத் தடுப்புக்கு என்ன செய்யலாம் என்று 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்த அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படை, மேற்பகுதியில் புதிய கட்டுமானங்களை எழுப்புவதைவிட, அங்கு ஏற்கெனவே இருந்த ஈரநிலங்களை விலைகொடுத்து வாங்கி அப்படியே விட்டுவிடுவது சிக்கனமானது என்ற முடிவுக்கு வந்தது. அதன்படி 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. கடலோரத்திலும் இதே கதைதான்: 2012இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலின்போது, எஞ்சியிருந்த ஈரநிலங்கள் ஏறத்தாழ 62.5 கோடி டாலர் அளவுக்கு வெள்ளச் சேதத்தைத் தவிர்த்தன என்று 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

உவமை எங்கே தவறுகிறது என்றால், ஏற்கெனவே ததும்பி நிற்கும் ஈரநிலத்தால் மேற்கொண்டு எதையும் வாங்கிக்கொள்ள இயலாது என்பதை அது மறைத்துவிடுகிறது. தொடர்மழையில் முதல் வெள்ளத்தைத் தாங்கிய சதுப்பு, மூன்றாவது வெள்ளத்தை அப்படியே கடத்திவிடக்கூடும். அதனால்தான் பருவத்தின் தொடக்கத்தில் நீர் வற்றியிருப்பது பயனுள்ளது. ஆண்டு முழுவதும் கரை தொட நீரை நிறுத்தி வைத்தால் வெள்ளக் காப்பு போய்விடும்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் விடை மாறும். மணற்பாங்கான அடித்தளம் இருந்தால் நீர் கீழே இறங்கும். அடியில் கெட்டியான களிமண் இருந்தால் இறங்காது. வேறு சில ஈரநிலங்களோ நிலத்தடி நீர் வெளிப்பட்டு ஊறுவதாலேயே உண்டானவை. அவற்றுக்கு நீர் தருவதே நிலத்தடிதான். ஒவ்வோர் ஈரநிலத்தையும் நிலத்தடி நீருக்கான தொட்டியாகக் காட்டுவது ஆர்வத்தால் விளைந்த மிகை.

கேள்வி: கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆற்றல் சதுப்புக்கு உண்டென்றால், நகரத்துச் சாக்கடையை அதற்குள் திருப்பிவிடுவதில் என்ன தவறு? (நகராட்சி ஊழியர்)

முதலில் அந்தச் சுத்திகரிப்பு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். நாணல் வளர்ந்த சேற்றிலிருந்து ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்துப் பிளந்து பார்த்தால், உள்ளே சாம்பல் நிறமாகவோ நீலம் பாய்ந்த கருமையாகவோ இருக்கும். அழுகிய முட்டையின் வாடையும் வரக்கூடும். நீரில் மூழ்கிய மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அவை அடையாளங்கள். ஆனால் அதே மண்ணை உற்றுப் பார்த்தால், வேர் ஓடிய தடங்களை ஒட்டித் துருப்பிடித்த ஆணியைப் போல மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் தெரியும். நாணலும் கோரையும் தம் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்கின்றன. அதில் ஒரு பகுதி வேரைச் சுற்றிக் கசிந்து, மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்குகிறது.

ஆக்சிஜன் உள்ள மெல்லிய உறையும் ஆக்சிஜன் அற்ற சேறும் மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே இருக்கும் இந்த அமைப்புதான் சுத்திகரிப்பின் களம். ஒரு பக்கத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன; மறுபக்கத்தில் வாழ்பவை ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. வயல்களிலிருந்து அடித்துவரப்படும் உரச்சத்து ஆற்றையும் கடலையும் கெடுப்பதற்குமுன் பெருமளவு இங்கேயே அகன்றுவிடுகிறது.

ஒரு பெருநகரமே இப்படிப்பட்ட ஏற்பாட்டை நம்பி வாழ்வதற்குக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதியில், நகரின் கழிவுநீர் ஆழம் குறைந்த மீன்குளங்களுக்குள் அளவறிந்து விடப்படுகிறது. வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் அதைத் தெளிவாக்க, அந்தப் பாசியை உண்டு மீன்கள் வளர்கின்றன, வெளியேறும் நீர் வயலுக்குப் பாய்கிறது. மீனவர்கள் அனுபவத்தால் உருவாக்கிய இந்த முறையை 1980களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர். 2002இல் அந்த ஈரநிலப் பகுதி, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் வரும் முக்கிய ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆனால் ‘அளவறிந்து’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் இட்டேன். எவ்வளவு நீர், எத்தனை நாள் தங்கல், எப்போது மீன் விடுவது என்பதையெல்லாம் அங்கே கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள். கணக்கின்றிச் சாக்கடையைத் திறந்துவிட்டால், நீரில் உள்ள ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். நைட்ரஜன் காற்றில் போய்விடும். பாஸ்பரஸ் போகாது, மண்ணில் படிந்துகொண்டே வந்து ஒரு கட்டத்துக்கு மேல் வெளியே கசியத் தொடங்கும். தொழிற்சாலைக் கழிவிலுள்ள ஈயம், காட்மியம், குரோமியம் முதலியவற்றை எந்தப் பாக்டீரியாவாலும் அழிக்க இயலாது. அவை சேற்றிலும் செடியிலும் மீனிலும் சேர்ந்து, உண்பவரிடமே திரும்பி வரும். ஆகாயத்தாமரை உலோகங்களை உறிஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் அதை அள்ளி அப்புறப்படுத்தாமல் அங்கேயே அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் மீண்டும் அதே நீருக்குள் போகும். எனவே, வீட்டுக் கழிவுநீரை ஓரளவு சுத்திகரித்தபின் அனுப்புவது பொருந்தும். ஆலைக் கழிவை அனுப்புவது எந்த வகையிலும் பொருந்தாது.

கேள்வி: ஓர் இடத்தில் சேற்றுநிலத்தை மூடினால் பறவைகள் பறந்து வேறு இடத்துக்குப் போய்விடுமே, அவற்றுக்குத்தான் சிறகு இருக்கிறதே? ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? (கல்லூரி மாணவர்)

சிறகு இருப்பதால்தான் அவற்றின் நிலை மேலும் இக்கட்டானது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். பட்டைவால் மூக்கன் என்னும் கரையோரப் பறவையைப் பாருங்கள். அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு நியூசிலாந்துக்குச் செல்லும் இந்தப் பறவை, பசிபிக் பெருங்கடலை எங்கும் இறங்காமல் கடக்கிறது. 2007இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பெண் பறவை ஒன்று 11,680 கிலோமீட்டர் தொலைவை எட்டு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தொடர்ந்து பறந்து கடந்தது. 2022இல், பிறந்து ஐந்து மாதமே ஆன இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் பறந்து அந்தச் சாதனையையும் விஞ்சியது. பயணத்துக்குமுன் இப்பறவைகள் உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகும் அளவுக்குத் தின்று தீர்க்கின்றன. புறப்படும் நேரத்தில் இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவை சுருங்கி, தேவையற்ற சுமை குறைக்கப்படுகிறது.

திரும்பும் வழியில் அவை மஞ்சள் கடலின் கரையில், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட ஓதச் சேற்றுவெளிகளில் இறங்கி, கொழுப்பை மீண்டும் சேர்த்துக்கொண்டால்தான் அலாஸ்காவரை சென்று முட்டையிட முடியும். நீண்டு சற்று மேல்நோக்கி வளைந்த அலகைச் சேற்றுக்குள் செருகிப் புழுவையும் சிப்பியையும் எடுக்க, நீர் வடிந்து சேறு வெளிப்படும் சில மணி நேரம் மட்டுமே அவற்றுக்குக் கிடைக்கிறது. இத்தனை தொலைவு கடந்து, கையிருப்பு முழுவதும் தீர்ந்த நிலையில் வந்து சேரும் பறவைக்கு, சேறு இருந்த இடத்தில் சுவர் எழும்பியிருந்தால், வேறு இடம் தேட வலுவும் இல்லை, காலமும் இல்லை.

இது கற்பனை அன்று. அந்தக் கடலோரத்தில் அரை நூற்றாண்டுக் காலத்தில் சேற்றுவெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். தென்கொரியாவின் சேமங்கம் கழிமுகத்தின் குறுக்கே முப்பத்து மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் 2006இல் மூடப்பட்டபோது, அங்கு வழக்கமாக இறங்கிய உள்ளான் வகைப் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. அவை அக்கம்பக்கத்துக் கழிமுகங்களுக்கு மாறியிருக்கும் என்று எதிர்பார்த்து எண்ணிப் பார்த்தார்கள். அங்கே அந்த அளவுக்குக் கூடவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரையில் எண்ணியபோதும் குறைவே தென்பட்டது. பக்கத்துச் சேற்றுவெளியில் ஏற்கெனவே அதன் கொள்ளளவுக்கு ஏற்பப் பறவைகள் இருக்கும்போது, இடம் இழந்தவற்றுக்கு அங்கு உணவு மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை.

நல்ல செய்தியும் உண்டு. வணிக நோக்கில் கடலோரத்தை நிரப்பும் திட்டங்களுக்கு அனுமதி வழங்குவதைச் சீனா 2018இல் நிறுத்தியது. மஞ்சள் கடலோரச் சேற்றுவெளிகளில் சில 2019இலும், கொரியாவின் சேற்றுவெளிகள் 2021இலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. எங்கோ ஒரு நாட்டின் சேற்றுக்காக மற்றொரு நாடு கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பதாலேயே ஈரநிலங்களுக்குப் பன்னாட்டு உடன்படிக்கை தேவைப்பட்டது. ராம்சார் உடன்படிக்கையின் முழுப்பெயரில் நீர்ப்பறவைகளின் வாழிடம் என்ற தொடர் இன்றும் இருக்கிறது.

கேள்வி: சதுப்பு என்றால் கொசுதானே? மூடிவிட்டால் நோய் குறையாதா? (வாசகர்)

மலேரியாவை ஒழிக்கச் சதுப்புகளை வடித்த காலம் இருந்தது. இத்தாலியில் ரோம் நகருக்குத் தெற்கே உள்ள போன்டைன் சதுப்பு 1930களில் அப்படித்தான் வடிக்கப்பட்டது, நோயும் குறைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சதுப்பில் முட்டையிடுவதை விரும்புவதில்லை; வீட்டைச் சுற்றிக் கிடக்கும் டயர், தொட்டி, பூச்சாடித் தட்டு ஆகியவைதான் அதன் பிறப்பிடம். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவோ தேங்கிய சாக்கடையில் பெருகுகிறது. உயிரோட்டமுள்ள ஈரநிலத்தில் தட்டானின் இளம்பருவப் பூச்சிகளும் சிறுமீன்களும் நீர்வண்டுகளும் கொசுப் புழுக்களைத் தின்று கட்டுப்படுத்துகின்றன. அதே நிலத்தில் பாதியை மூடி, நீரோட்டத்தை அடைத்து, குப்பையைக் கொட்டும்போது அந்த வேட்டை உயிர்கள் முதலில் மறைந்து, கொசு மட்டும் மிஞ்சுகிறது. கொசுவைக் காரணம் காட்டி மூடப்படும் பல நிலங்கள், அரைகுறையாக மூடப்பட்டதால்தான் கொசுவுக்கு இடமாயின.

கேள்வி: சதுப்பு நிலங்கள் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன என்று படித்தேன். அப்படியானால் புவி வெப்பமாவதற்கு அவையும் காரணம்தானே? பிறகு எப்படிக் காலநிலையைக் காப்பவை என்கிறீர்கள்? (அறிவியல் பட்டதாரி)

கேள்வி நியாயமானது. இயற்கையாக வெளிப்படும் மீத்தேனுக்கு ஈரநிலங்களே மிகப்பெரிய மூலம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் தாவரப் பொருள் மட்கும்போது அவ்வாயு உண்டாகிறது. ஆனால் அதே ஆக்சிஜன் இன்மையால்தான் தாவரப் பொருளின் பெரும்பகுதி மட்காமலே தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பீட் நிலங்கள் எனப்படும் சதுப்புகளில், செத்த செடிகொடிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் அடுக்கடுக்காகப் படிந்து, பல ஆயிரம் ஆண்டுகளில் பல மீட்டர் தடிமனான கருமண்ணாகின்றன. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள இந்நிலங்கள், உலகின் காடுகள் அனைத்தின் மரஞ்செடிகளும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன.

நீரை வடித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காண விரும்பினால், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஹோம் ஃபென் என்னும் இடத்துக்குச் செல்லலாம். அங்கிருந்த பெரிய ஏரி ஒன்றை வேளாண்மைக்காக 1851இல் வடித்தபோது, மண் எவ்வளவு தாழும் என்று பார்ப்பதற்காக இரும்புத் தூண் ஒன்றை அடியிலுள்ள கெட்டியான களிமண்ணில் ஊன்றி, அதன் தலை தரையோடு சமமாக இருக்குமாறு புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேலே ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தூண் எழவில்லை, மண்தான் தாழ்ந்தது. முதலில் நீர் வடிந்ததால் சுருங்கிய மண், பின்னர் காற்றுப் பட்டு மட்கி, கரியமில வாயுவாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வட்டாரம் இப்போது கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. வெள்ளம் சூழாமல் இருக்க நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்பமண்டலத்தில் இதைவிட விரைவாக அழிவு நேர்கிறது. இந்தோனேசியாவில் வடிக்கப்பட்ட பீட் நிலங்களிலும் காடுகளிலும் 1997இல் பற்றிய தீ, மண்ணுக்கடியில் புகைந்து புகைந்து மாதக்கணக்கில் எரிந்தது. அந்த ஓராண்டில் அங்கிருந்து வெளியான கார்பன், உலகம் முழுவதும் ஆண்டுதோறும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து வெளியிடும் அளவில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இனி மீத்தேனுக்கு வருவோம். அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைத் தேக்கினாலும், வளிமண்டலத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு சதுப்பு, சிதையும் அளவுக்கே புதிய மீத்தேனை விடுவதால் வெப்பத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவதில்லை. வடித்த நிலத்திலிருந்து வரும் கரியமில வாயுவோ நூற்றாண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அலையாத்திக் காட்டிலும் உப்புச் சதுப்பிலும் கடல்நீரிலுள்ள சல்பேட் மீத்தேன் உருவாவதைப் பெருமளவு தடுத்துவிடும் என்பதால், அங்கே இந்த ஐயத்துக்கே இடம் குறைவு. ஆகவே மீத்தேனுக்கு அஞ்சிச் சதுப்பை வடிப்பது, கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்து எடுக்கும் முடிவு.

கேள்வி: நீர்நிலையை ஆழமாகத் தூர்வாரி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் அமைத்தால் அது பாதுகாப்பாகாதா? எங்கள் குடியிருப்போர் சங்கம் இதைத்தான் கேட்டு வருகிறது. (சங்கச் செயலாளர்)

நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் கேடு என்று இதைச் சொல்லத் தயங்க மாட்டேன். ஏரியின் உயிர்ச் செல்வத்தில் பெரும்பங்கு அதன் நடுவில் இருப்பதில்லை; கரையிலிருந்து சாய்வாக இறங்கும் விளிம்பில்தான் இருக்கிறது. நீண்ட கால்கள் கொண்ட கொக்கும் உள்ளானும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் மட்டுமே இரை தேட முடியும். வாத்துகளில் பல, தலையைக் கவிழ்த்து எட்டும் ஆழத்தையே நம்பியுள்ளன. மீன்களில் பலவும் புதிதாக நீர் ஏறிய புல்விளிம்பில் முட்டையிடுகின்றன. செங்குத்தாகக் கல் பதித்த கரையில் ஆமை ஏற முடியாது, தவளைக் குஞ்சு வெளியேற முடியாது, கோரை வேர்விட முடியாது. மண் கரையைக் கடந்து வரும் மழைநீரிலிருந்து வண்டலையும் குப்பையையும் பிடித்து நிறுத்துவதும் அந்தப் புல்விளிம்புதான். அதை நீக்கிவிட்டு, பிறகு ஏரி தூர்ந்துவிட்டது என்று மீண்டும் தூர்வாருவது முடிவில்லாத வேலை.

தூர்வாருதலே கூடாது என்று சொல்லவில்லை. வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்த இடத்தில் அது தேவையே. ஓரிடத்தை ஆழப்படுத்தி, மற்றோர் இடத்தை மெல்லிய சாய்வாக விட்டு, கோரைத் திட்டுகளைத் தொடாமல், வரத்துக் கால்வாயைச் செம்மைப்படுத்தினால் இரண்டு நோக்கமும் நிறைவேறும். நடைபாதையை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, எதிர்க்கரையை இருட்டாக விடுங்கள். விளக்கொளி பறவைகளின் உறக்கத்தையும் பூச்சிகளின் நடமாட்டத்தையும் குலைக்கிறது. சங்கத்தின் மனுவில் விளக்குக்கு முன்னால் கழிவுநீர்க் குழாயை அடைக்கக் கோரும் வரி இருக்கட்டும்.

கேள்வி: மனிதர் புழங்கினால் ஈரநிலம் கெடும் என்பதால் வேலியிட்டு எல்லோரையும் வெளியேற்றுவதே சரி என்கிறார் என் நண்பர். தங்கள் கருத்து என்ன? (வாசகி)

தங்கள் நண்பருக்கு ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவின் கதையைச் சொல்லுங்கள். மன்னர்கள் வாத்து வேட்டைக்காகக் கரை எழுப்பி நீர் தேக்கி உருவாக்கிய ஈரநிலம் அது. தேசியப் பூங்காவாக ஆன பின்பு, 1982இல் அங்கே எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. சுற்றியிருந்த ஊர்மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே மோதல் வெடித்து உயிரிழப்பும் நேர்ந்தது. அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இரை தேட இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்கு உதவியே செய்து வந்தது என்ற முடிவுக்கு வந்தது.

ஈராக்கின் தெற்கே, டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளின் கடைமடையில், நாணலால் வீடு கட்டி எருமை வளர்த்து மீன் பிடித்து வாழும் மக்களின் சதுப்பை, 1990களில் சதாம் உசேன் அரசு கால்வாய் வெட்டியும் கரை எழுப்பியும் வடித்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியது, மக்கள் சிதறினார்கள். 2003இல் அந்த அரசு வீழ்ந்ததும் கரைகளை உடைத்து நீரைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அந்த மக்களே. 2016இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பை இன்று வாட்டுவது மேல்மடை அணைகளும் வறட்சியும் உப்பேறுதலுமே தவிர, அங்கு வாழ்வோரின் எருமைகள் அல்ல. ராம்சார் உடன்படிக்கையும் தொடக்கம் முதலே ‘அறிவார்ந்த பயன்பாடு’ என்றே பேசுகிறது. அதே வேளையில், குஞ்சு பொரிக்கும் பருவத்தில் படகையும் வலையையும் விலக்கி வைப்பதும் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பைத் தடுப்பதும் தேவைதான். யாரை எப்போது நிறுத்துவது என்பதை அந்த இடத்தின் நீரும் உயிர்களும் சொல்ல வேண்டும்.

கேள்வி: வளர்ச்சித் திட்டத்துக்காக ஓர் ஈரநிலத்தை எடுத்துக்கொண்டு, வேறிடத்தில் அதே பரப்பில் புதிதாக ஒன்றை அமைத்துத் தந்தால் கணக்குச் சமமாகிவிடாதா? (வழக்கறிஞர்)

பரப்பு சமமாகலாம், பணி சமமாவது அரிது. உலகெங்கும் சீரமைக்கப்பட்ட அல்லது புதிதாக உருவாக்கப்பட்ட 621 ஈரநிலங்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வு, அவற்றில் தாவர, விலங்கு வளம் இயற்கை ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கார்பன் சேர்தல் முதலான செயல்பாடுகள் 23 விழுக்காடும் குறைவாகவே இருந்ததைக் கண்டது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அந்த இடைவெளி மூடவில்லை. அளவில் பெரியவையும், ஆற்றோடோ கடலோடோ தொடர்புள்ளவையும், வெப்பமான பகுதிகளில் உள்ளவையும் விரைந்து தேறின. பீட் நிலத்தைப் பொறுத்தவரை பேச்சே வேண்டாம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேரும் மண்ணை எந்த ஒப்பந்தக்காரரும் கொண்டுவந்து கொட்ட முடியாது.

மேலும், வெள்ளம் வரும் இடத்தில்தான் வெள்ளத்தைத் தாங்கும் நிலம் இருக்க வேண்டும். நகரத்துக்கு மேற்புறத்தில் இருந்த தாழ்நிலத்தை நிரப்பிவிட்டு, நகரத்துக்குக் கீழ்ப்புறத்தில் அதற்கு ஈடாகக் குளம் வெட்டினால், பட்டியலில் எண் நிறையும். வீடுகளுக்குள் நீர் புகுவது நிற்காது.

புதிதாக எதையாவது அமைத்தே ஆக வேண்டும் என்றால், முன்பு ஈரநிலமாக இருந்து வடிக்கப்பட்ட அல்லது மண்ணிட்டு மூடப்பட்ட இடத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லி வாதிடுங்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், உழவர்கள் தூர்த்து வயலாக்கிவிட்ட பழைய குளங்களை ஆய்வாளர்கள் மீண்டும் தோண்டியபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்த நீர்த்தாவர விதைகள் முளைத்தன. பழைய வரைபடங்களைப் பார்த்து அத்தகைய இடங்களை அடையாளம் காண்பதும், வடிகாலை அடைத்து நீர்வரத்தை மீட்பதும், மேட்டு நிலத்தில் புதுப்பள்ளம் தோண்டுவதைவிடச் செலவு குறைந்தவை. ஈடு செய்யும் ஆணையை எழுதும்போது ஹெக்டேர் கணக்கோடு, நீர் எங்கிருந்து வரும், எந்த மாதம்வரை நிற்கும், யார் எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள் என்பவற்றையும் நிபந்தனைகளாகச் சேர்க்கக் கேளுங்கள்; பழைய நிலத்தை மூடும் அனுமதி, புதிய நிலத்தில் நீர் நின்று செடி பிடித்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனை அவற்றுள் முதலாவதாக இருக்கட்டும்.